பத்து விநாடிக் கழிவு

அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் ‘சார்’, முதுகைக் காட்டினால் ‘விநாடி’. எட்டு வருஷம் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தேன். கெட்ட மனுஷன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் எனக்கும் சுலபம், கேட்கிறவர்களுக்கும் சுலபம். ஆனால் கெட்டவனாக இருப்பதற்குக்கூட, பக்கத்தில் இருப்பவர் மேல் கொஞ்சமாவது கவனம் வேண்டும். இவருடைய கவனம் முழுவதும் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சில் இருந்தது.

எங்களுடையது சட்டை தைக்கிற கம்பெனி. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, அதில் ஆறு வரிசை, வரிசைக்கு இருபது மிஷின். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி காலர் வைப்பாள். முழுச் சட்டை ஒன்றைத் தைத்து முடித்தவள் அங்கே ஒருத்திகூடக் கிடையாது. நான் மிஷின் மெக்கானிக். மூலையில் எனக்கு ஒரு மேசை, எண்ணெய்க் கறை பிடித்த இரண்டு ஸ்டூல். ஊசி முறிந்தாலும் பெல்ட் அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

விநாடியின் வேலை அளப்பது. புது மாதிரிச் சட்டைக்கு ஆர்டர் வந்தால், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகும் என்று அவர் அளந்து சொல்ல வேண்டும். தைக்கிறவளின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பார். இடது கையில் அட்டை, அதில் தாள். வலது கையில் வாட்ச். துணியை எடுக்கும்போது கட்டை விரல் ஒரு அமுக்கு, தைத்து நூலை வெட்டி வைக்கும்போது இன்னொரு அமுக்கு. இப்படிப் பத்து தடவை. சராசரி போட்டு, மணிக்கு இத்தனை என்று ஒரு எண் வரும். அந்த எண் பலகையில் ஏறிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

இதற்குப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வாட்ச் வரிசைக்குள் நுழைவதை முதலில் பார்க்கிறவள், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை மேசைமேல் ‘டக்’கென்று போடுவாள். அவ்வளவுதான், அந்த வரிசையே கனத்துவிடும். சும்மாவே நேராக இருக்கிற துணியை மறுபடியும் நேராக்குவார்கள். இல்லாத நூலைத் தேடி வெட்டுவார்கள். நாற்பது விநாடியில் ஆகிற வேலைக்கு ஐம்பது ஆகும். இதற்கு ‘இழுக்கிறது’ என்று பெயர்.

விநாடிக்கும் இது தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருஷமே, வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துக் குட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அளந்ததில் பத்து விநாடியைக் கழித்துவிட்டுத் தாளில் எழுதினார். அவர் பத்து கழிக்கிறார் என்பது பெண்களுக்கும் தெரிந்துபோனது. அதனால் அவர்கள் சரியாகப் பத்துதான் இழுப்பார்கள், பதினொன்று இழுக்க மாட்டார்கள். எட்டு வருஷம் இந்த வண்டி குடை சாயாமல் ஓடியது. மேனேஜருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு வாட்ச் சொன்னால் வேதம்.

டீ இடைவேளையில் விநாடி என் மூலைக்கு வந்துவிடுவார். பெண்களோடு உட்கார முடியாது, மேனேஜர் தன்னோடு உட்காரவிட மாட்டார், மிச்சம் நான்தான். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். அவருக்கு நேரம் என்றால் பைத்தியம். நேரம் என்றால் என்ன என்று ஆராய்கிற புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்து, அட்டை போட்டு, பென்சிலால் கோடிட்டுப் படிப்பார்.

“மெக்கானிக், மலை உச்சியில ஒரு கடிகாரம், கடற்கரையில ஒரு கடிகாரம். ரெண்டும் ஒரே நாள்ல செஞ்சது. ஒரே மாதிரி ஓடுமா?”

“ஒழுங்கா சாவி கொடுத்தா ஓடும் சார்.”

“ஓடாது. மலை மேல இருக்கிறது கொஞ்சம் வேகமா ஓடும். கடிகாரத்துல கோளாறு இல்ல. நேரமே அங்க வேகமா போகுது.”

“அப்ப மாடியில குடியிருக்கிறவன் சீக்கிரம் கிழவனாயிடுவானா?”

“ஆவான். ஆனா எழுபது வருஷம் இருந்தாலும் வித்தியாசம் ஒரு விநாடியில லட்சத்துல ஒரு பங்குகூட வராது.”

“அதுக்குள்ள படியேறி மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்துடுவான் சார்.”

சிரிக்க மாட்டார். எனக்கு விஷயம் புரியவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அடுத்த நாள் வேறு ஒன்றோடு வருவார். வேகமாகப் போகிறவனுக்கு நேரம் மெதுவாகப் போகுமாம். உனக்கு ‘இப்போது’ என்று தோன்றுவது வேறு ஒருவனுக்கு ‘இப்போது’ ஆகாதாம். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு ‘இப்போது’ கிடையவே கிடையாதாம். நேற்று என்பது எங்கேயும் போகவில்லை, நடந்து முடிந்த தெரு மாதிரி அங்கேயே கிடக்கிறது, நாம்தான் தாண்டி வந்துவிட்டோம் என்று சிலர் சொல்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

ஒரு தடவை என் டீயைக் காட்டினார். “இந்தப் பாலைத் திரும்பப் பிரிச்சு எடுக்க முடியுமா? கணக்கைப் போட்டுப் பார்த்தா, முன்னாடி போறதுக்கும் பின்னாடி போறதுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது மெக்கானிக். கலந்தது பிரியாது, உடைஞ்சது ஒட்டாது. இதை வச்சுத்தான் நேரம் எந்தப் பக்கம் போகுதுன்னே நமக்குத் தெரியுது.”

நன்றாகத்தான் இருந்தது. அதனால் நானும் உண்மையாகவே ஒரு கேள்வி கேட்டேன். “பல்லைப் பிடுங்குறப்ப அஞ்சு நிமிஷம் அஞ்சு மணி நேரமா இருக்கே சார். அது எந்தக் கணக்குல வரும்?”

கையை உதறினார். “அது நேரமே இல்ல. அது உங்க மனசு. உடம்புக்குத் தோணுறதை எல்லாம் நேரம்னு எடுத்துக்கிட்டா வாட்ச் எதுக்கு?”

இந்தப் பதிலை நான் மறக்கவில்லை. பின்னால் வேண்டியிருந்தது.

அவருக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பெண்டாட்டி எங்கள் கொட்டகையிலேயே நான்காவது வரிசையில் பட்டன் துளை போடுகிறவள். அது தானாக ஓடுகிற மிஷின். துணியை வைத்துவிட்டால் அதன் வேகத்துக்கு அது குத்தித் தள்ளிவிடும். ஆள் இழுக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அதனால் விநாடியின் வாட்ச் அவளைத் தேடிப் போனதே இல்லை. பெண்கள் அவளுக்கு ‘அரை விநாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். வாய் ஓயாத பெண். கை அதைவிட ஓயாது.

“அண்ணே, எனக்குச் சடை பின்ன ஒரு நிமிஷம் நாப்பது விநாடியாம். நேத்து அளந்து சொன்னாரு. புருஷன்னா பூ வாங்கிட்டு வரணும், இவர் புள்ளிவிவரம் கொண்டு வராரு” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொன்ன முகத்தில் பெருமைதான் இருந்தது.

ஒரு விடுமுறை நாளில் அவர் அவளிடம் மனசு விட்டுப் பேசியிருக்கிறார். அதையும் அவள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள். “அத்தனை பேரும் என்கிட்ட நடிக்கிறாங்க. எட்டு வருஷமா ஒரு உண்மையான விநாடியை நான் அளந்ததே இல்ல” என்றாராம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவளுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது. நம்ம ஆளிடம் நாமாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. வாட்ச் தன்னிடம் வரும் நாளில் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாள் வந்தது. பட்டன் இல்லாத ஒரு சட்டைக்குப் பெரிய ஆர்டர். பட்டன் துளை மிஷின்களை மூடிவைத்துவிட்டு அந்தப் பெண்களை மற்ற வரிசைகளுக்குப் பிரித்தார்கள். இவள் காலர் வரிசைக்கு வந்தாள். அங்கே காலர் வைக்க ஏற்கெனவே மூன்று பேர், இவளோடு நான்கு. ஒரு வாரத்தில் வேலை கைவந்துவிட்டது. மேனேஜர் விநாடியைக் கூப்பிட்டு, “புது காலர். உங்க வீட்டம்மாதான் நாலு பேர்லயும் சுத்தமா வைக்கிறாங்க. அவங்களை வச்சே அளந்துடுங்க” என்றார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறானா பார்க்கலாம் என்கிற சிரிப்பு.

விநாடி வரிசைக்குள் நுழைந்ததும் பக்கத்து மிஷின் கண்ணாடிக்காரி கத்தரியைப் போட்டாள். டக். பத்தொன்பது பேரின் கை கனத்தது. இவள் கை மட்டும் கனக்கவில்லை.

நான் மூன்று மிஷின் தள்ளி ஒரு பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை. துணி அவள் கைக்குத் தானாக வந்தது. காலர் திரும்பியது, ஊசி ஓடியது, நூல் வெட்டுப்பட்டது. முதுகுக்குப் பின்னால் நிற்கிறவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒரு சின்னச் சிரிப்பு அவள் உதட்டில் இருந்தது. பத்து காலர். ஒவ்வொன்றும் நாற்பது விநாடி, முன்னே பின்னே ஒன்று. அவளுடைய உடம்பில் இருந்த வேகம் அவ்வளவுதான், அதில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை.

அவர் வாட்சைப் பார்த்தார். சராசரி நாற்பது. வழக்கம்போலப் பத்தைக் கழித்தார். முப்பது.

சாயங்காலம் பலகையில் ஏறியது: காலர், மணிக்கு நூற்று இருபது. மற்றவர்கள் அளவுக்கு இழுத்திருந்தால் தொண்ணூறு வந்திருக்கும். நான்கு பேரும் பலகையைப் பார்த்தபடி நின்றார்கள். இவள் முகத்தில் ஈயாடவில்லை.

“புருஷன் முன்னாடி ஓடிக் காட்டுனியே. இனிமே நீயும் ஓடு, உன்னால நாங்களும் ஓடுறோம்” என்றாள் கண்ணாடிக்காரி. அன்றிலிருந்து அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.

மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். வாயாடிப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “அண்ணே, என் மோட்டாரைக் கொஞ்சம் வேகமா ஓட வைக்க முடியுமா?”

“முடியும். ஆனா ஆபத்தும்மா. அன்னைக்கு நீ ஏன் இழுக்கலை?”

“இழுக்கலை. அவர்கிட்ட போய் எப்படிண்ணே நடிக்கிறது?”

“சரி, அதை அவர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நான் ஏன் சொல்லணும்? மூணு வருஷமா கூட இருக்காரு. என் கை அவருக்குத் தெரியாதா?”

நான் மோட்டாரில் பெல்ட் ஓடுகிற பெரிய புல்லி ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். விதிப்படி செய்யக் கூடாத வேலை. இதோடு நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மை தெரிந்தும் நான்கு நாள் விநாடியிடம் வாயைத் திறக்கவில்லை. அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்க்கலாம் என்று இருந்தேன். மலையையும் கடலையும் பற்றி என்னிடம் அளந்த மனுஷன் வகையாக மாட்டிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த நான்கு நாளை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“நாப்பது உண்மையா?”

“உண்மை சார்.”

“ஏன் இழுக்கலை?”

“உங்களுக்காகத்தான்.”

“யார் கேட்டா?” என்றார். குரலில் கோபம்தான் இருந்தது, வேறு எதையும் நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வாட்ச் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இப்பப் போய் முப்பது தப்புன்னு சொன்னா, பத்து ஏன் கழிச்சேன்னு கேப்பாங்க. வழக்கமா கழிக்கிறதுன்னு சொன்னா, எட்டு வருஷத் தாளும் வெளிய வரும். ஒவ்வொரு வரிசையையும் திரும்ப அளப்பாங்க. கொட்டகை மொத்தத்துக்கும் ஆபத்து மெக்கானிக். கொஞ்சம் பொறுங்க. கை பழகப் பழக வேகம் கூடும். அதுக்குக் கணக்கு இருக்கு.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. அந்தப் பாதி நியாயத்துக்குப் பின்னால் வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “நீ இழுத்திருக்கணும்.” அவள் கேட்டதும் ஒரே வார்த்தை: “உங்ககிட்டயா?” இதையும் அவள்தான் பின்னால் சொன்னாள்.

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தால் ஏழு காலர் போய்விடும். காலையில் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்தபடி திரும்பிப் போகும். கண் உள்ளே போனது, உதடு வெடித்தது. மணிக்கு நூற்றுப் பத்து வரை வந்தாள். சூப்பர்வைசர் ஒவ்வொரு மணிக்கும் வந்து, குறைந்த எண்ணை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுப் போவாள். விநாடி இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டு, காது கேட்காதவர் மாதிரி யாருடைய பையையோ அளந்துகொண்டிருப்பார்.

பலகையில் எண் ஏறிய பத்தாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு அலறல். ஓடினேன். அவள் மோட்டாரை அணைத்தேன். ஊசி அவள் வலது ஆள்காட்டி விரல் நகத்தின் நடுவே இறங்கி, எலும்பில் வளைந்து, கீழே இருக்கிற தகட்டில் சிக்கிக்கொண்டிருந்தது. மிஷின் என் புல்லியின் வேகத்தில் ஓடியிருக்கிறது, விரலுக்கு விலக அவகாசம் இருந்திருக்காது. அந்த நிலையில் செய்யக்கூடியது ஒன்றுதான். மிஷினின் பக்கவாட்டில் இருக்கிற சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் ஊசி உள்ளே முறியும். கண்ணாடிக்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்து நாளில் அந்தப் பெண்களில் ஒருத்தி அவளைத் தொட்டது அப்போதுதான். நான் திருப்பினேன். அவள் அலறினாள். நான் திருப்பினேன்.

விரல் வெளியே வந்ததும் நிமிர்ந்தேன். எதிரே விநாடி நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவருடைய கட்டை விரல் வாட்ச் பட்டனை அமுக்கியது. முள் நின்றது.

அலறல் கேட்டபோது ஒரு அமுக்கு, விரல் வெளியே வந்தபோது ஒரு அமுக்கு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அமுக்கியதே அவருக்குத் தெரியாது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நானும் பார்த்தேன். ஒரு நிமிடம் பதினான்கு விநாடி.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். விபத்துப் படிவத்தை விநாடிதான் நிரப்பியிருந்தார். அதில் ‘மிஷின் நின்ற நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்தில், ‘1 நிமிடம் 14 விநாடி’ என்று இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

மேனேஜர் முதலில் என்னைக் கேட்டார். “மோட்டார் எப்படி?”

“வழக்கமான வேகம்தான் சார்” என்றேன். பெரிய புல்லியைக் காலையிலேயே வந்து கழற்றிவிட்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு விநாடியைக் கேட்டார். “நூத்தி இருபதுங்கிறது சரியான எண்தானா?”

அவள் தலையைத் தூக்கினாள். அவரையே பார்த்தாள். நாற்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை மிஞ்சுமா மிஞ்சாதா என்பதெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் இரண்டாம்பட்சம். நீ எனக்கு உண்மையாக இருந்தாய், அதை நான் பார்த்தேன் என்று அவர் வாயால் வர வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சுவரில் ஒரு கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

“சரியான எண்தான் சார். முப்பது விநாடியில முடியுற வேலைதான். கவனம் சிதறியிருக்கு” என்றார் விநாடி.

அவள் தலை மெதுவாகக் கீழே போனது. அன்றோடு அவளுக்கு வேலை இல்லை. பலகையில் நூற்று இருபது அப்படியே இருந்தது. விரலில் சீழ் வைத்து, பதினைந்து நாளில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள்.

விநாடி மறுபடியும் டீக்கு வர ஆரம்பித்தார். புத்தகம் கையில் இல்லை. ஒரு நாள் தானாகவே சொன்னார்: “அந்த எழுபத்தி நாலு விநாடி, எனக்கு மூணு விநாடி மாதிரிதான் மெக்கானிக் போச்சு. வாட்சைப் பார்த்தப்ப நம்பவே முடியலை.”

“அவளுக்கு?” என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“மலைக்கு ஒரு நேரம், கடலுக்கு ஒரு நேரம், விமானத்துல போறவனுக்கு ஒரு நேரம். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க. ரெண்டடி முன்னாடி உக்காந்து தைச்சவளுக்குன்னு ஒரு நேரம் இருக்கும்னு மட்டும் உங்களுக்குத் தோணலையே சார். உடம்புக்குத் தோணுறதை எல்லாம் நேரம்னு எடுத்துக்க முடியாது, இல்ல?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டதாக எனக்குத் திருப்தி. புல்லியைக் கழற்றிய கையால் டீ குடித்துக்கொண்டுதான் இதைக் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு என் மூலைக்கு வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், வாசலில் என்னை நிறுத்தினார். “வீட்ல தையல் மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். ஓடுறப்ப தடதடங்குது. வந்து பாருங்க. கடைக்குப் போயிட்டு வந்துடறேன்.” நான் போனேன். மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் மிஷின், தரையில் பிரித்துத் தைக்க வந்த பழைய துணிகள். கதவு திறந்துதான் இருந்தது.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலின் வேலையை நடுவிரல் செய்தது. கை பறந்தது. பழைய வேகம், ஒரு விநாடி குறையவில்லை.

“என்னம்மா, இப்பவும் பறக்குறியே” என்றேன்.

“வாங்கண்ணே.” சிரித்தாள். எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் மிஷினைத் திறந்து பார்த்தேன், ஒரு திருகு தளர்ந்திருந்தது. முடுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “அண்ணே, போன காலம் எங்கேயும் போகாம அங்கேயே கிடக்கும்னு அவர் சொல்வாரே. உங்ககிட்ட சொல்லியிருக்காரா?”

“சொல்லியிருக்கார். யாரோ அப்படிச் சொல்றாங்களாம்.”

“அப்படின்னா அந்த ஊசி இன்னும் உள்ளதான் இருக்கு” என்றாள். அழவில்லை. துணியில் நூலைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். நான் திருகைத் தேவைக்கு மேல் முடுக்கினேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கையில் இருந்த சின்னக் கத்தரியை மேசைமேல் போட்டாள்.

டக்.

வரிசையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் கை கனத்தது. நேராக இருந்த துணியை நேராக்கினாள். வெட்டிய நூலை மறுபடியும் வெட்டினாள். அவர் உள்ளே வந்து, “மெக்கானிக்குக் காபி கொடுத்தியா?” என்றார். “இதோ” என்று எழுந்தாள். அடுப்பைப் பற்ற வைக்க ஒரு யுகம். டம்ளரைக் கழுவினாள், துடைத்தாள், திரும்பக் கழுவினாள். அவர் வாசல்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வாட்ச் இல்லை. ஆனால் கட்டை விரல் அசைந்தது, நான் பார்த்தேன்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். படியின் முதல் வளைவு வரை கூடவே இறங்கி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

“என் முன்னாடி எல்லாத்தையும் இழுக்கிறா மெக்கானிக். தண்ணி கொடுக்கிறது, கதவைத் திறக்கிறது, பதில் சொல்றது, எல்லாம். அவ கை எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் ஆகாது.”

“பத்து கழிச்சுக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.